மீன்குழம்புப் பூண்டும் அசிட்ரோம் மாத்திரையும்

வண்ணாரப்பேட்டையில் 26 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் வீடுகளிலிருந்து வந்த சமையலறைக் கேள்விகளும் என் பதில்களும் இவை.

காசிமேடு: அண்ணே, அப்பாவுக்கு வால்வு மாற்றி அசிட்ரோம் கொடுக்கிறோம். வஞ்சிரக் குழம்பில் ஒரு கைப்பிடி பூண்டு போடுவேன். விட்டுவிடணுமா?

விட வேண்டாம்மா. பச்சைப் பூண்டை நசுக்கினால் உண்டாகும் பொருள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் கொஞ்சம் தடுக்கும், உண்மைதான். முழுப் பல்லாகப் போட்டுக் கொதிக்கவைத்தால் அது வெகுவாகக் குறைந்துவிடும். எனக்குப் பயமெல்லாம் டப்பாவில் வரும் பூண்டு மேல்தான். போன மாதம் ஒருவர், பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று வந்தார். மாத்திரைப் பையைக் கவிழ்க்கச் சொன்னேன். அட்டைகளுக்கு நடுவே பூண்டு கேப்ஸ்யூல் டப்பா ஒன்று உருண்டது, பாதி காலி. "இது சாப்பாட்டுச் சாமான்தானே, டாக்டரிடம் எதுக்குச் சொல்லணும்?" என்றார். சொல்லணும்.

வியாசர்பாடி: அம்மா வார்ஃபரின் சாப்பிடுகிறார். முருங்கைக்கீரையே ஆகாது என்கிறார்களே?

நீங்கள் மசாலாவைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இதைத்தான் கவனிக்கணும். கல்லீரல், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் நாலைச் செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரினும் அசிட்ரோமும் அந்த வைட்டமினைத்தான் முடக்குகின்றன. கீரையில் அது ஏராளம். அதற்காகக் கீரையே கூடாது என்றில்லை, அளவு மாறாமல் இருக்கணும். ஆடி வந்தால் நம் பக்கம் தெருவுக்குத் தெரு கூழ், கூடவே கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும். பதினொரு மாதம் கீரை பக்கமே போகாதவர் ஆடியில் தினமும் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) இறங்கிவிடும், அதாவது ரத்தம் சீக்கிரம் உறையும். வாரம் இரண்டு நாள் என்றால் வருடம் முழுக்க இரண்டு நாள். அந்த அளவுக்கு டாக்டர் மாத்திரையைச் சரிசெய்துகொள்வார்.

ராயபுரம்: பிரியாணிப் பட்டையில் எலி மருந்து இருக்கிறதாமே?

பாதிக் கதை. கடையில் மலிவாக வரும் காசியா பட்டையில் கூமரின் என்ற வாசனைப் பொருள் உண்டு. அது தனியாக ரத்தத்தை இளக்காது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. தீவனத்திலிருந்த கூமரினைப் பூஞ்சை வேறு பொருளாக மாற்றியிருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் வேதியியலாளர் கார்ல் பால் லிங்க் குழு அதைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, அப்புறம்தான் மனிதருக்கு. பிரியாணித் துண்டு ஒன்றும் செய்யாது. சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் ஸ்பூன் ஸ்பூனாகப் பட்டைத்தூள் சாப்பிடாதீர்கள், கல்லீரலுக்கு ஆகாது.

பெரம்பூர்: ஆஸ்பிரினோடு மஞ்சள் பால்?

ஒரு சிட்டிகை போட்டுக் குடிக்கலாம். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல் வேண்டாம்; மிளகு மஞ்சளின் சத்தை உடலில் அதிகம் ஏறச் செய்யும். இஞ்சியும் அப்படித்தான்: டீயில் தட்டிப்போட்டால் சரி, மாத்திரையாக என்றால் கேட்டுவிட்டு.

கொருக்குப்பேட்டை: பல் பிடுங்கப் போகிறேன். கிராம்பு வைக்கலாமா, ஆஸ்பிரினை நிறுத்தணுமா?

ஒரு கிராம்பு கடித்துக்கொள்ளுங்கள், கிராம்பு எண்ணெயை விழுங்காதீர்கள். ஆஸ்பிரின் ஒரு தட்டணுவைப் பிடித்தால் அது சாகும்வரை, ஏழிலிருந்து பத்து நாள், விடாது. ஒருநாள் விட்டுப் பயனில்லை. நீங்களாக நிறுத்தினால் நெஞ்சுக்குத்தான் ஆபத்து. பல் டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்.