வெயில் எறிக்குது, ஆனா சுடேல்லை

கேள்வி: அன்புள்ள அக்கா, என்ர அம்மாவுக்கு 68 வயசு. பருத்தித்துறைப் பக்கம் ஊர். அப்பா போனாப் பிறகு தனிய இருக்கிறா எண்டு போன ஐப்பசியில, பெற்றாரைக் கூப்பிடுற சூப்பர் விசாவில, கனடாவில ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவுக்குக் கூப்பிட்டனான். முதல் ஸ்னோவைக் கண்டோண்ண சின்னப்பிள்ளை மாதிரி சந்தோசப்பட்டவ. இப்ப தை முடியப்போகுது, வாசல் தாண்டுறேல்லை. எழும்பினதில இருந்து படுக்கும் மட்டும் ஒரே ஒப்பீடுதான், அங்க எண்டால் இப்ப வாடைக்காத்து, அங்க எண்டால் இந்நேரம் முத்தம் கூட்டி முடிச்சிருப்பன், இதென்ன நாலே முக்காலுக்கே இருட்டுற தேசம் எண்டு. நல்லா வெயில் எறிக்கிற நாளில யன்னல் கண்ணாடியில உள்ளங்கையை வச்சுப் பாத்திட்டு, இது பொய் வெயில் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டுப் போய்ப் படுத்திடுவா. என்ர அவர், நாங்களும் கஷ்டப்பட்டுத்தானே பழகினனாங்கள், அவவும் பழகத்தான் வேணும் எண்டுறார். எனக்குக் கோவமும் வருது, பேந்து அழுகையும் வருது. அம்மாவை எப்பிடிப் பழக்கிறது?
வாசகி, ஸ்காபரோ

பதில்:

தங்கச்சி, அந்த யன்னல் கண்ணாடி வரியை நான் மூண்டு தரம் வாசிச்சன். என்ர அம்மாவும் இஞ்ச வந்த முதல் மாரி அப்பிடித்தான் செய்தவ, கையை வச்சிட்டு டக்கெண்டு எடுத்து சீலைத் தலைப்பில துடைப்பா, எனக்கு அப்ப அது என்ன எண்டு விளங்கேல்லை, எரிச்சல்தான் வந்தது. இப்ப விளங்குது, அதால உங்களுக்குக் கொஞ்சம் விரிவாவே எழுதுறன்.

உங்கட அம்மா 68 வருசம் வானத்தைப் பாத்துத்தான் நாளை நடத்தினவ. வெயில் எறிச்சால் சூடு, முகில் மூடினால் குளிர்ச்சி, காத்து வந்தால் சுகம். இஞ்ச தை மாசத்தில இந்த மூண்டும் தலைகீழ். முகிலே இல்லாத நீல வானம், கண் கூசிற வெயில், அண்டைக்குத்தான் -18, -20 எண்டு கிடக்கும், ஏன் எண்டால் வடதுருவப் பக்கத்தில இருந்து இறங்கிற காத்து காய்ஞ்ச காத்து, அது வந்தால் வானம் வெளிச்சிடும், இரவில நிலத்தின்ர சூட்டைப் பிடிச்சு வைக்கப் போர்வை மாதிரி முகிலும் இல்லை. முகில் மூடிக் கிடக்கிற மங்கல் நாள்தான் இஞ்ச மாரியில கொஞ்சம் இளகின நாள். அம்மா பொய் வெயில் எண்டு சொல்லுறது புலம்பல் இல்லை பிள்ளை, அவ சரியாக் கண்டு பிடிச்சுத்தான் சொல்லுறா.

காத்தும் அப்பிடித்தான். சோளகம் எப்ப வரும் எண்டு பாத்துப் பாத்துத் திண்ணையில இருந்த மனிசி அவ. இஞ்ச -10 பாகையில 30 கிலோமீற்றர் வேகத்தில காத்து அடிச்சால் தோலுக்கு -20 மாதிரி. ஊரில தையில குளிருது குளிருது எண்டு இழுத்துப் போர்த்துப் படுத்ததே 22, 23 பாகைக்குத்தானே!

இன்னொண்டு, நிழல். அம்மா மணிக்கூடு பாக்காமலே நேரம் சொல்லுவா எண்டு நினைக்கிறன், எங்கட அந்தத் தலைமுறை எல்லாரும் அப்பிடித்தான். சித்திரை வருசம் பிறக்கிற கையோட யாழ்ப்பாணத்தில சூரியன் மத்தியானம் நேர் உச்சியில நிக்கும், நிழல் காலுக்குள்ள போயிடும். மார்கழியில கூட அங்க பாதி வானத்துக்கு மேல ஏறும். ரொறன்ரோவில மார்கழி 21 அளவில நடு மத்தியானத்திலயும் சூரியன் அடிவானத்தில இருந்து 23 பாகைதான் ஏறும், அஞ்சடி ஆளின்ர நிழல் 12 அடிக்குக் கிட்ட நீண்டு கிடக்கும். அவவின்ர கணக்கில அது எப்பவுமே பின்னேரம்தான், நாள் முழுக்கப் பின்னேரம், பிறகு திடீரெண்டு இருட்டு. அங்க வருசத்தில நீண்ட பகலுக்கும் குறுகின பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட வித்தியாசம், அவ்வளவுதான். இஞ்ச ஒன்பது மணித்தியாலத்துக்கும் பதினஞ்சரைக்கும் இடையில ஓடுது. உடம்பு குழம்பாம என்ன செய்யும்.

உங்கட அவரைப் பற்றி. அவர் பிழையான ஆள் இல்லை, ஆனா அவர் வரேக்க என்ன வயசு? இருபத்தஞ்சு, முப்பது இருக்குமா? குளிருக்க விடிய எழும்பி பஸ் பிடிச்சு வேலைக்குப் போனவர், போன இடத்தில நாலு பேரோட கதைச்சவர், வெள்ளிக்கிழமை கையில காசு வந்தது. அம்மாவுக்கு அப்பிடிப் போக ஒரு இடமும் இல்லை. நான் நினைக்கிறன் அவவுக்குக் குளிரை விடக் கதவுதான் பெரிய கரைச்சல். ஊரில வீடு எண்டால் படுக்கிறதுக்கு மட்டும்தான், மிச்சம் எல்லாம் வெளியிலதான், கிணத்தடி, முத்தம், வேலிக்கு மேலால அயலோட கதை, படலையடியில மீன்காரன். இஞ்ச எல்லாக் கதவையும் பூட்டி வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸைப் போட்டு விட்டிட்டு நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறீங்கள், மழை பெஞ்சால் ஓட்டில சத்தமாவது கேக்கும், ஸ்னோ சத்தமில்லாம விழுந்து மூடிப்போட்டுக் கிடக்கும். அதுக்கதான் அவ "அங்க எண்டால்" எண்டு கதைக்கிறா. அந்தக் கதையை நிப்பாட்டப் பாக்காதேங்கோ. பழக்கிறது எண்ட சொல்லையும் விட்டிடுங்கோ, அது நாய்க்குட்டிக்குச் சொல்லுற சொல்லு.

சரி, செய்ய வேண்டியது என்ன. முதல்ல டொக்டர். சூப்பர் விசா எண்டபடியால் ஓஹிப் எண்ட அரசாங்க மருத்துவக் காப்புறுதி இல்லை, காசு கட்டித்தான் காட்ட வேணும், எண்டாலும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ. தைரொயிட் குறைஞ்சாலும் ரத்தத்தில இரும்புச்சத்துக் குறைஞ்சாலும் சாதாரணமாவே குளிர் கூடத் தெரியும், சோர்வும் வரும், நாங்கள் எல்லாத்தையும் வெதர் தலையில போட்டிட்டு இருந்திடுவம். விற்றமின் டி பற்றியும் கேளுங்கோ, ஐப்பசியில இருந்து பங்குனி மட்டும் இந்த நாட்டு வெயிலில தோல் அதைச் செய்யிறது மிச்சம் குறைவு, எங்கட கறுத்தத் தோலுக்கு இன்னும் குறைவு. கனடா சுகாதார அமைச்சு சொல்லுற அளவு 70 வயசு மட்டும் நாளுக்கு 600 யூனிற், அதுக்குப் பிறகு 800. சாப்பாடு குறையுது, நித்திரை குழம்புது, பூசை அறைக்குக் கூடப் போறேல்லை எண்டு ரெண்டு கிழமைக்கு மேல தொடர்ந்தால் அதை டொக்டருக்கு மறைக்காமச் சொல்லுங்கோ. மாரியில வெளிச்சக் குறைவால மனம் இறங்கிறது ஒரு வருத்தம் எண்டு 1984லேயே வைத்திய உலகம் எழுதி வச்சிருக்கு, காலமை அரை மணித்தியாலம் முன்னால வச்சுக்கொண்டு இருக்கிற 10,000 லக்ஸ் விளக்கு இருக்கு, கண்ணில ஏதும் வருத்தம் இருந்தால் டொக்டரைக் கேட்டிட்டு வாங்குங்கோ.

கை கால் தோல் வெடிக்குது, மூக்குக்க காயுது எண்டு சொல்லுறாவா? வெளிக் குளிர் காத்தில ஈரம் இல்லை, அதை ஃபர்னஸ் சூடாக்கேக்க இன்னும் வறண்டு போகும். இரவில அறைக்குள்ள காத்தை ஈரமாக்கிற ஹியூமிடிஃபயர் வையுங்கோ, குளிச்ச ஈரத்தோட தேங்காயெண்ணெய் பூசச் சொல்லுங்கோ. நீங்கள் வாடகை வீடு எண்டால், ரொறன்ரோவில ஹீற்றிங் வீட்டுக்காரற்ற கையில இருந்தால் குளிர்காலத்தில 21 பாகைக்குக் குறைய விடேலாது, அது சட்டம், கேக்க வெக்கப்படாதேங்கோ.

இதைக் கட்டாயம் அம்மாவுக்குச் சொல்லி வையுங்கோ: கரண்ட் போனாலும், சாம்பிராணி போடுறதுக்கு எண்டாலும், வீட்டுக்குள்ள கரி மூட்டக் கூடாது. ஊர் வீட்டில ஓட்டு இடுக்காலயும் புகைக்கூட்டாலயும் புகை போகும், இஞ்சத்தைய வீடு பெட்டி மாதிரி அடைச்ச வீடு. 2013 மார்கழி ஐஸ் புயலில ரொறன்ரோவில மூண்டு லட்சம் வீடுகளுக்கு மட்டில கரண்ட் இல்லாமக் கிடந்தது, அப்ப இந்த மாகாணத்தில, கரி எரிச்சாலும் வாற காபன் மொனொக்சைட் வாயுவால செத்த சனமும் இருக்கு. அது மணமே இல்லாத வாயு பிள்ளை.

வெளிய போறது எண்டால் ஸ்னோவை விட ஐஸுக்குத்தான் பயப்பட வேணும், அந்த வயசில இடுப்பெலும்பு முறிஞ்சால் எழும்பிறது கஷ்டம். சீலையோட பிள்ளையளின்ர பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போக விடாதேங்கோ, நல்ல பிடிமானம் உள்ள பூட்ஸா அவவின்ர அளவுக்கு வாங்கிக் குடுங்கோ. பெரிய மோல்களில காலமை கடை திறக்க முன்னமே நடக்க விடுவினம், எங்கட வயசு போன ஆக்களையும் அங்க காணலாம், சனிக்கிழமை ஒருக்கா நீங்கள் கூடப் போய் விட்டுப் பாருங்கோ. லைப்ரரியில தமிழ்ப் புத்தகமும் கிடக்கு.

அவவுக்கு ஒரு வேலை வேணும், சமையலும் பிள்ளை பாக்கிறதும் இல்லாத வேலை. மார்ச் முதல் கிழமை மிளகாய் விதையும் கத்தரி விதையும் வாங்கிக் குடுங்கோ, தெற்குப் பக்க யன்னலடியில சின்னக் கோப்பையளில மண் போட்டு நட்டுப் பாக்கட்டும். எங்கட அம்மா தயிர் டப்பாவில போட்டவ, ஒவ்வொரு டப்பாவிலயும் பேனையால திகதி எழுதி, விடிய எழும்பி முதல் வேலையா அதைத்தான் போய்ப் பாப்பா, முளை ஒரு நெல்லளவு வெளிய வந்த அண்டைக்கு என்னை நித்திரையால எழுப்பினவ. மே மாசம் விக்ரோறியா டே லோங் வீக்கென்ட் தாண்டினால்தான் வெளிய நடலாம், அதுக்கு முந்தி உறைபனி வந்து கருக்கிப் போடும். அந்தக் கணக்கை அவவே பிடிச்சிடுவா, பயிர் செய்த குடும்பத்துப் பிள்ளைக்கு எந்த நாட்டுப் பயிர்ப் பட்டமும் விளங்கும்.

மாட்டியிருக்கிற நாட்காட்டியில ஞாயிற்றுக்கிழமையில பொழுது படுற நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கோ. மார்கழியில நாலே முக்கால், இப்பவே அஞ்சேகால் தாண்டிட்டுது, மார்ச் ரெண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு மாத்தினால் ஏழு மணிக்கும் வெளிச்சம் நிக்கும். வாயால சொன்னால் நம்பமாட்டா, தன்ர கையால எழுதினால் நம்புவா.

ஒப்பீட்டுக்கு வருவம். நீங்களும் சேந்து கதையுங்கோ, வாதாட வேண்டாம். சித்திரை வைகாசியில வெக்கையில நித்திரை கொள்ளேலாம விசிறி மட்டையோட முத்தத்தில பாய் போட்டுப் படுத்தது, மழை பிந்தின வருசம் கிணத்துத் தண்ணி கீழ போய் உவர்ப்பானது, ஐப்பசி கார்த்திகை மழையில வெள்ளம் வீட்டு வாசல் மட்டும் வந்தது, இதுகளைக் கேளுங்கோ. அங்கையும் கஷ்டம்தானே எண்டு மடக்கிறதுக்கு இல்லை. அவ அந்தக் கஷ்டத்தை எப்பிடிச் சமாளிச்சவ எண்டு அவவின்ர வாயால வரட்டும், பேரப்பிள்ளையளும் பக்கத்தில இருந்து கேக்கட்டும். அம்மாவுக்கு இந்த வருசம் திருவெம்பாவையும் இல்லை, பொங்கலண்டு வல்வெட்டித்துறைக் கடற்கரையில வாடைக்காத்துக்கு ஏறுற பட்டமும் இல்லை, அதை ஒருத்தரும் அவவிட்டக் கேக்கேல்லை எண்டு நினைக்கிறன்.

கடைசியா, நீங்கள் கேக்கப் பயந்த கேள்வி. அம்மா திரும்பிப் போகப்போறன் எண்டால்? இப்ப தையில முடிவெடுக்காதேங்கோ, இந்த மாசத்தில எடுக்கிற முடிவு குளிர் எடுக்கிற முடிவு. ஜூன் வரட்டும், இரவு ஒன்பது மணி வெளிச்சத்தில பின் வளவில இருந்து அவ தேத்தண்ணி குடிக்கட்டும், அப்ப கேளுங்கோ. சூப்பர் விசாவில ஒருக்கா வந்தால் அஞ்சு வருசம் மட்டும் நிக்கலாம், ஆனா நிண்டே ஆகவேணும் எண்டு ஒண்டும் இல்லை, போய்ப் போய் வரலாம். சித்திரை வருசம் முடிய வந்து ஐப்பசி மழை தொடங்க ஊருக்குப் போறது எண்டு வச்சால், அங்கத்தைய உச்ச வெக்கையும் இஞ்சத்தைய உச்சக் குளிரும் ரெண்டும் அவவுக்கு இல்லை. ரிக்கற் காசு இருக்கு, அங்க பக்கத்தில ஆர் பாப்பினம் எண்டது இருக்கு, இன்சூரன்ஸையும் முதலே கேட்டு வைக்கவேணும், லேசு எண்டு சொல்லேல்லை. ஆனா அப்பிடி ஒரு வழி இருக்கு எண்டதை இண்டைக்கு இரவே அவவுக்குச் சொல்லுங்கோ. கதவு பூட்டேல்லை எண்டு தெரிஞ்சால் அவ நாளைக்கு வாசல் மட்டும் வந்து பாப்பா. வந்தால், உங்கட ஜக்கெற்றை அவவின்ர தோளில போட்டு விட்டிட்டு நீங்களும் பக்கத்தில நில்லுங்கோ.