டிவில பேரு, கூலில கை

வணக்கம் அக்கா,

சேலம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல புரொடக்‌ஷன் இன்ஜினியரா இருக்கேன். நூல் நூக்கற ரிங் ஃப்ரேம் மெஷின் இருக்கற டிபார்ட்மென்ட்ல பெரிய டிவி வெச்சு, யாரு எவ்ளோ புரொடக்‌ஷன் குடுத்தாங்கன்னு பாயின்ட், பேட்ஜ், ரேங்க்னு கேம் மாதிரி ஓட்டறோம். முதல் மாசம் எல்லாரும் ஆர்வமா இருந்தாங்க, இப்ப யாரும் நிமிந்துகூட பாக்கறதில்ல. கடைசி ரேங்க் வந்த ஒரு பொண்ணு பாத்ரூம்ல போய் அழுதுச்சாம். டாப் 10 மட்டும் காட்டலாமா? பேட்ஜுக்கு நம்ம ஊர் பேரா வெச்சா எடுபடுமா? இதப் பத்தி ஏதாச்சும் புக் இருந்தா சொல்லுங்க.

— கே., சேலம்

அன்புள்ள கே. தம்பி,

புக்கெல்லாம் அப்புறம். டாப் 10 மட்டும் காட்டினா பதினொண்ணாவது ஆளுக்கு தான் எங்க நிக்கறோம்னு தெரியாதா என்ன? அந்தப் பொண்ணு அழுதது உங்கள உறுத்தியிருக்கு பாருங்க, அதுக்காகத்தான் இந்த பதிலே. ஆனா அவகிட்ட போயி என்னம்மா ஆச்சுன்னு கேட்டதா ஒரு வரி இல்லயே? பஞ்சு சரியில்லன்னாலும் உள்ள ஈரப்பதம் கொறஞ்சாலும் இழை அறுந்துக்கிட்டேதான் இருக்கும், அவ ஓடி ஓடி ஒட்டிக்கிட்டேதான் இருப்பா. நல்ல ஃப்ரேம் கெடச்சவ ஃபர்ஸ்ட்டு, ஓட்ட ஃப்ரேம் கெடச்சவ லாஸ்ட்டு. படிச்ச இன்ஜினியருக்கு இத நான் சொல்லணுமா?

அமெரிக்காவுல டிஸ்னிலேண்ட் ஹோட்டல் லாண்டரிலயும் இப்படித்தான் ஸ்க்ரீன் வெச்சாங்க, 2011ல பேப்பர்ல வந்துச்சு. அங்க வேலை செஞ்சவங்க அதுக்கு வெச்ச பேரு எலக்ட்ரானிக் சாட்டை.

வேலை செய்யற எடத்துல வெளாட்டு இல்லாமயா இருக்கு? எங்க அத்தை அம்மாபேட்டைல ஒரு பட்டறைல தறி ஓட்டுச்சு. தறி வேகம் மோட்டார் கைல, அதனால போட்டியெல்லாம் தார், அதான் குறுக்கு நூல் சுத்தின குச்சி, மாத்தறதுலதான். தார் தீரப்போற நேரம் பாத்து தறிய நிறுத்தி, ரெடியா தார் போட்டு வெச்ச இன்னொரு நாடாவ (தார சுமந்துக்கிட்டு குறுக்க ஓடற கட்டை) மாத்திப் போட்டு மறுபடி ஓட விடறதுக்குள்ள பக்கத்துத் தறி அக்கா எண்ண ஆரம்பிச்சுரும். தோத்தவங்க சனிக்கிழம போண்டா வாங்கித் தரணும். இத முதலாளி பாத்துட்டாரு. அட நல்லாருக்கேன்னு, யாரு ஜாஸ்தி ஓட்டறாங்களோ அவங்களுக்கு எவர்சில்வர் தூக்குன்னாரு. அத்தை தூக்கு வாங்கிச்சு. அப்புறம் என்ன, "இவ்ளோ ஓட்ட முடியுதுல்ல"ன்னு மீட்டர் கூலில கை வெச்சாரு. அதோட போண்டாவும் போச்சு. அப்புறமெல்லாம் அத்தை கணக்குக்கு துணி அறுக்கும்போது, நெய்ததுல கொஞ்சத்த உருளையிலயே விட்டுட்டு அடுத்த வாரத்துல சேத்துக்கும்.

இது அத்தையோட தனிக் குசும்பு இல்ல தம்பி. 1944-45ல டொனால்ட் ராய்ங்கற ஆராய்ச்சியாளர் சிகாகோ பக்கம் ஒரு மெஷின் ஷாப்ல தொழிலாளியாவே வேலை பாத்தாரு, முப்பது வருஷம் கழிச்சு மைக்கேல் புராவாய்னு இன்னொருத்தர் போய் சேந்தாரு, பாத்தா அதே ஃபேக்டரி! அங்கயும் பீஸ் ரேட்ட, அதான் ஒரு பீஸுக்கு இவ்ளோன்னு வெச்ச கூலிக் கணக்க, ஜெயிக்கறதே ஆளுங்களுக்கு ஒரு வெளாட்டு. ஆனா கம்பெனி வெச்ச அளவுல 140 சதவீதத்துக்கு மேல கணக்கு காட்ட மாட்டாங்க, காட்டினா ரேட்ட மாத்திருவாங்கன்னு பயம், மிச்சத்த இன்னொரு நாளைக்குன்னு எடுத்து வெச்சுப்பாங்க. சிகாகோகாரனுக்கும் அம்மாபேட்டை அத்தைக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல.

இப்ப சொல்லுங்க, முதல் மாசம் ஏறின புரொடக்‌ஷன வெச்சு டார்கெட்ட ஏத்தினீங்களா இல்லயா? லெட்டர்ல அத சொல்லாம விட்டுட்டீங்க. ஏத்தியிருப்பீங்க, பந்தயமே கட்டறேன். தோத்தா டிவில மானம் போகுது, ஜெயிச்சா அடுத்த மாசம் வேலை கூடுது, எனக்கு வேணாம்னு எந்திரிச்சுப் போகவும் முடியாது, இதப் போயி கேம்ங்கறீங்க. அந்தப் பொண்ணுங்க நிமிந்து பாக்காதது சலிப்புல இல்ல, கணக்கு புரிஞ்சிருச்சு, அவ்ளோதான்.

உங்க மேனேஜர்கிட்ட போங்க. ஒரு வருஷத்துக்கு டார்கெட்டயும் கூலியையும் தொட மாட்டோம்னு எழுதிக் கையெழுத்து போட்டு, அத அந்த டிவிக்குப் பக்கத்துலயே ஒட்டச் சொல்லுங்க. மாட்டேன்னாரா, டிவில பாட்டு போட்டு விடுங்க.

பேட்ஜ் பேரு கேட்டீங்கல்ல, அத அந்தப் பொண்ணுங்களே வெக்கட்டும். கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறம் கேளுங்க, முன்னாடி கேட்டா என்ன பேரு வெப்பாங்கன்னு நான் எழுதினா நல்லாருக்காது.