1915 மார்ட்டின் 0-18: பிரிட்ஜ் பின்னால் தூக்குகிறது

ஸ்டீல் தந்தி போட்ட உங்கள் பழைய மார்ட்டின் (அமெரிக்க நிறுவனம்) கிட்டாரில் பிரிட்ஜ், அதாவது தந்திகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு, மேற்பலகையிலிருந்து பின்பக்கமாகப் பிரிந்து தூக்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த ஸ்டீல் தந்திகளை இன்றே தளர்த்திவிடுங்கள். பிரிட்ஜை மறுபடி ஒட்டினாலும் அதே தந்திகளை ஏற்றினால் திரும்பவும் தூக்கும்.

காரணம் பசையாக இருக்க வாய்ப்பு குறைவு. 1915-இல் மார்ட்டின் கிட்டார்கள் பெரும்பாலும் குடல் தந்திக்காகவே செய்யப்பட்டன. ஸ்டீல் தந்தியை வழக்கமாகக் கொண்ட முதல் மாடலான 2-17 வந்ததே 1922-இல்தான். உங்கள் கிட்டாரின் உள்ளேயும், மேற்பலகையைத் தாங்க, ஸ்டீல் தந்திக் கிட்டார்களில் இருப்பது போன்ற எக்ஸ் வடிவச் சட்டங்கள்தான் இருக்கும், ஆனால் மெலிந்தவை. லைட் ஸ்டீல் செட் ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும். குடலுக்குப் பதிலாகப் போடும் நைலான் தந்தி அதில் பாதிதான். சட்டங்களின் அந்த மெலிவில்தான் இந்தக் கிட்டாரின் இனிமையே இருக்கிறது, அதனால் சட்டங்களைக் கனமாக்கச் சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

இதைச் செய்து பாருங்கள்:

1. பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய தாளைச் செருகுங்கள். எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு பிரிந்திருக்கிறது.
2. பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகையின் குறுக்கே ஸ்கேல் வையுங்கள். லேசான வளைவு இயல்பு. நடுவில் குமிழ் போல எழும்பியிருந்தால், சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்து உள்ளே சட்டம் ஒட்டு விட்டிருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் ஒன்று: அந்தக் காலத்திலேயே ஹவாய் இசைக்காக ஸ்டீல் தந்தியோடு சில மார்ட்டின்கள் செய்தார்கள். ஆகவே ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், சட்டத்தின் கனத்தைப் பழைய கிட்டார் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை நைலான் போதும். சூப்பர் குளூ மட்டும் வேண்டவே வேண்டாம்.