பிசியோதெரபி போடலாமா? கழுத்துத் தசையில் ஒரு கிழமைப் பரீட்சை

களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்டிருந்த அம்மாவுக்கு,

மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பிசியோதெரபியைப் போட ஆசை. உடற்கூற்றியலைப் பாடமாக்க அவளால் ஏலாது என்பது உங்கள் பயம். அது வெறும் பாடமாக்கலால் வருகிற பாடமல்ல. தெரிவுகளை வரிசைப்படுத்த முதல், ஒரு கிழமைக்குக் கழுத்தின் பக்கத் தசைகளை மட்டும் அவள் படித்துப் பார்க்கட்டும்.

முதலில் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டொயிட். மார்புப்பட்டையிலும் காறையென்பிலும் தொடங்கி, காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டொயிட் மேட்டில் போய்ச் சேர்கிறது. பெயரே அந்த மூன்று இடங்களையும் சொல்கிறது. கண்ணாடிக்கு முன் இருந்து, இடது கையால் இடது தாடையைத் தடுத்துக்கொண்டு முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கயிறுபோலப் புடைப்பது வலது தசை! வலது தசை முகத்தை வலப்பக்கம் திருப்பும் என்று எழுதிப் பிழைவிடுகிற மாணவர் பலர். தசையின் மேல்முனை காதுக்குப் பின்னால் இருக்கிறது. அது சுருங்கினால் வலது காது முன்னும் கீழும் இழுபடும், முகம் இடப்பக்கம் போகும். இது விளங்கினால், தலை வலப்பக்கம் சரிந்து முகம் இடப்பக்கம் திரும்பிய கைக்குழந்தையில் இறுகியிருப்பது பெரும்பாலும் வலது தசைதான் என்று அவளே சொல்லிவிடுவாள். இதை இயக்குவது 11ஆவது மண்டை நரம்பு.

அடுத்தது ஸ்கேலீன் தசைகள் மூன்று. கழுத்து முள்ளென்புகளிலிருந்து இறங்கி, முன்தசையும் நடுத்தசையும் முதலாம் விலாவிலும், பின்தசை இரண்டாம் விலாவிலும் பிடிக்கின்றன. மூச்சை ஆழமாக இழுக்கும்போது விலாவைத் தூக்குபவை இவையே. முன்தசைக்கும் நடுத்தசைக்கும் இடையால் கைக்குப் போகும் நரம்புக் கூட்டமும் சப்கிளேவியன் நாடியும் செல்கின்றன. நாளம் அந்த இடைவெளியால் போவதில்லை, முன்தசைக்கு முன்னாலேயே போகிறது. இடைவெளி இறுகினால் கை விறைப்பது ஏன் என்பதற்கு விடை இந்தப் படத்திலேயே இருக்கிறது.

தொட்டுப் பார்க்கையில் இரண்டு பக்கத்தையும் ஒரேயடியாக அழுத்தக்கூடாது. மூளைக்குப் போகும் கரோட்டிட் நாடிகள் அங்கே ஓடுகின்றன.

தசைப் பெயர்களை இப்போதே ஆங்கிலத்திலும் எழுதிப் பழகட்டும், விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் தாதியியலும் உண்டு. பிசியோதெரபிப் பட்டம் என்றால் பேராதனை, கொழும்பு. நான்கு வருடம் விடுதி வாழ்க்கை. அதையும் வீட்டில் பேசிவிடுங்கள்.

ஏழாம் நாள் கொப்பியைப் பாராமல் அந்த ஸ்கேலீன் இடைவெளியைக் கீறி, எது எதனூடாகப் போகிறது என்று உங்களுக்கு விளங்கப்படுத்தினாளென்றால், பிசியோதெரபியைத் தயங்காமல் மேலே போடுங்கள்.