வாசகர் கேள்வி: மெல்போர்னில் ஒரு புகைச் சடங்கு

கேள்வி: கணவர் காலமாகி ஓராண்டாகியும் எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. மெல்போர்னில் இருக்கும் மகள், அங்குள்ள பழங்குடி மூத்தோர் சடங்குகளுடன் நடத்தும் மன ஆறுதல் முகாமுக்கு என்னை அழைக்கிறாள். போகலாமா? பலன் இருக்குமா?
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: போகலாம், அம்மா. ஆனால் பணம் கட்டும் முன், நடத்துபவர் யார் என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். 1788-இல் ஐரோப்பியர் குடியேறத் தொடங்கியபோது ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே 250-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. ஒவ்வொரு சமூகத்துக்கும் தனக்குரிய நிலமும், அந்த நிலத்துக்குரிய சடங்கும், அதை நடத்தும் உரிமை யாருக்கு என்ற வரையறையும் இருந்தன. எந்த மக்களின் மூத்தோர் என்று சொல்லாமல் ‘பழங்குடி ஞானம்’ என்று மட்டும் விளம்பரம் செய்யும் முகாமை நான் நம்பமாட்டேன். (இரண்டு வாரப் பயிற்சியில் யோகா குருவானவர்களைக் கண்ட புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

அங்கே நடக்கக்கூடிய புகைச் சடங்கில், தைலமரம் போன்ற அந்த மண்ணின் மரஞ்செடிகளின் பச்சைத் தழையைத் தணல்மேல் இடுவார்கள். தழை கொழுந்துவிட்டு எரியாமல் வெண்புகையாகக் கிளம்ப, வந்தவர்கள் அதனூடே நடந்து செல்வார்கள். வெள்ளிதோறும் சாம்பிராணி போடும் வீட்டாருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

உங்களுக்கு அதைவிட உதவக்கூடியது, வட ஆட்சிப்பகுதியின் டேலி ஆற்றுப் பகுதி மக்களின் ‘தாதிரி’ என்று நினைக்கிறேன். ஆசிரியையும் ஓவியருமான மிரியம் ரோஸ் உங்குன்மெர் பாவ்மன் வெளியுலகுக்கு எடுத்துச் சொன்ன இந்தப் பழக்கத்தில், அவசரமின்றி அமைதியாக அமர்ந்து, நிலத்தையும் உடனிருப்பவரையும் செவிமடுக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களெல்லாம் அறிவுரை சொல்லிவிட்டுப் போகும் நம் ஊரில், இப்படி உடனிருப்பவர் கிடைப்பது அரிது. இது எல்லா முகாமிலும் இருக்காது, கேட்டறியுங்கள்.

இன்னொன்று: அங்குப் பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைத் துக்கக் காலத்தில் உச்சரிப்பதில்லை, படத்தையும் காட்டுவதில்லை. உங்கள் கணவரின் படத்தைக் கையில் எடுத்துச் சென்றால், வெளியே எடுக்கும் முன் மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முகாமில் மனம் லேசாகலாம். ஓராண்டுத் தூக்கமின்மை தீரும் என்று உறுதி கூற முடியாது. மத்திய ஆஸ்திரேலியாவில் ‘நங்கரி’ எனப்படும் பாரம்பரிய வைத்தியர்களே மருத்துவமனைகளோடு இணைந்து பணியாற்றுகிறார்கள். ஆகவே, புறப்படும் முன் ஜிப்மர் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரை எதையும் நிறுத்தாமல், மருந்துச் சீட்டுடன் எடுத்துச் செல்லுங்கள்.