அந்தமானில் எங்கே ரூம் போடுவது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். நான், கணவர், 14 வயது மகன், 9 வயது மகள், 68 வயது மாமியார் என ஐந்து பேர். மே விடுமுறையில் அந்தமான் போவதற்காகச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்திருக்கிறோம். புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸில் 5 இரவு, 6 நாள் பேக்கேஜ் சொல்கிறார்கள். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங் எல்லாம் அதில் உண்டு. ஹேவ்லாக்கில் கடலை ஒட்டிய ரிசார்ட் வேண்டுமென்றால் தனியாகப் பணமாம். கணவரின் நண்பர், அந்தக் காசுக்கு மாலத்தீவே போகலாம் என்கிறார். கொழுந்தனார், சென்னையிலிருந்து கப்பலில் போனால் செலவு பாதியாகும் என்கிறார். அத்தைக்கு முட்டி வலி. பிள்ளைகளுக்குக் கடலில் இறங்கி ஆட வேண்டும், அவ்வளவுதான். சில்வர் பீச் பக்கத்திலேயே இருந்தும் அவர்களைக் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் விட்டதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பிள்ளைகள் இறங்கி ஆட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே சகோதரி, மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்துவிடலாம். நீங்கள் கணுக்காலோடு நிறுத்தியது சரிதான். தேவனாம்பட்டினத்தில் அலை நேராக வந்து அறையும், திரும்பும்போது காலடி மண்ணைப் பறித்துக்கொண்டு போகும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பெரும்பாலும் பாறைதான். குழந்தை மார்பளவு தண்ணீரில் பயமில்லாமல் நிற்கிற கடல் வேண்டுமென்றால், பவளப்பாறை தடுத்து அலையை அடக்கிய இடத்துக்குத்தான் போக வேண்டும். அந்தமானில் அப்படி இடங்கள் உண்டு. ஆனால் எல்லா ரிசார்ட் வாசலிலும் இல்லை.

முதலில் பேக்கேஜ். ஐந்து இரவுக்குள் இத்தனை இடம் என்றால் நீங்கள் கடலைவிடக் கப்பல் ஏறி இறங்கும் ஜெட்டியைத்தான் (படகுத்துறையை) அதிகம் பார்ப்பீர்கள். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், நீலிலிருந்து திரும்ப போர்ட் பிளேர். மூன்று கப்பல், ஐந்து பேருக்கு 15 டிக்கெட். தனியார் விரைவுக் கப்பலில் ஒரு டிக்கெட்டே ஆயிரத்தைத் தாண்டும். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அறையைக் காலி செய்து, ஆட்டோ பிடித்து, வரிசையில் நின்று, இறங்கி, அடுத்த அறை தயாராகும்வரை மூட்டைகளோடு உட்கார்ந்து... அரை நாள் போய்விடும். தீவுப் பயணத்தில் பட்ஜெட்டை உடைப்பது அறை வாடகை என்று பலரும் நினைக்கிறார்கள். ஐந்து பேர் போகும் குடும்பத்துக்கு இடம் மாறுகிற செலவுதான் பெரிது. ஒரே தீவு என்று வைத்துக்கொண்டால் 10 டிக்கெட்டோடு முடிந்தது.

பாராடாங்கை யோசிக்காமல் வெட்டிவிடுங்கள். விடிவதற்குள் எழுந்து கிளம்பி, ஜாரவா மக்களின் காப்புக்காடு வழியாகப் போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் வண்டிகளில் ஒன்றாகப் போய், படகு மாறி, சுண்ணாம்புக் குகைக்கு நடந்து, அதே வழியில் திரும்ப வேண்டும். முட்டி வலிக்காரருக்கு அது ஆகாது. மனிதர்கள் வாழும் காட்டை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் பயணம் எனக்கு உவப்பும் இல்லை.

எந்தத் தீவு? என் ஓட்டு நீலுக்கு. டிக்கெட்டில் 'ஷாஹீத் த்வீப்' என்று அச்சாகியிருந்தால் குழம்ப வேண்டாம், 2018 முதல் அதுதான் அரசுப் பெயர். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் த்வீப். போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஊரில் எல்லோரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

நீல் சின்னத் தீவு. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். ஜெட்டிக்குப் பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை. ஆழமில்லாத, அலையில்லாத பச்சைத் தண்ணீர். உங்கள் மகளுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது, அத்தை புடவை நனையாமல் மீன் பார்த்துவிட்டு வரலாம். சூரிய உதயத்துக்கு சீதாபூர், அஸ்தமனத்துக்கு லக்ஷ்மண்பூர். இயற்கைப் பாலம் என்று ஒரு பாறை வளைவு காட்டுவார்கள். கடல் வற்றியிருக்கும்போது வழுக்குப் பாறைமேல் நடந்துதான் அதற்குப் போக முடியும். அதற்கு அத்தையை அழைத்துப் போகாதீர்கள், கரையில் இளநீர்க் கடையில் உட்காரட்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரூம் தேர்வே இதில்தான் இருக்கிறது. நம் கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் நமக்குக் கடல் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதாகவே பழக்கம். அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது கிட்டத்தட்ட 2 மீட்டர். கரையோரம் தட்டையான பவளப்பாறைத் தளமாக இருப்பதால், அந்த 2 மீட்டர் இறங்கினால் தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்விடும். காலையில் ரிசார்ட் வாசலில் பார்த்த நீலக்கடல், மதியம் சேறும் செத்த பவளமும் கூரான கல்லுமாகக் கிடக்கும். இறங்க முடியாது, செருப்பில்லாமல் நடக்கவும் முடியாது. 2004 டிசம்பரைக் கடலூரில் இருந்து பார்த்தவர் உங்கள் அத்தை. கடல் உள்வாங்கிக் கிடப்பதைத் திடீரென்று பார்த்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். அங்கே அது தினமும் இரண்டு முறை நடப்பது என்று கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.

உங்களிடம் கூடுதல் பணம் கேட்கும் 'கடலை ஒட்டிய ரிசார்ட்' அநேகமாக ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில், விஜய்நகர் பக்கம் இருக்கும். ஐந்தாம் நம்பர் கடற்கரை என்பார்கள். மர நிழலும் விடியற்காலையும் அங்கே அழகு, மறுக்கவில்லை. ஆனால் வற்றும் நேரத்தில் நான் மேலே சொன்ன காட்சிதான். குளிக்க நல்ல இடமான ராதாநகர் தீவின் மறுபக்கம், ஜெட்டியிலிருந்து 12 கிலோமீட்டர் போல. 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னது அதைத்தான். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்று நம் புதுச்சேரி சின்னவீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு 2021-ல் கிடைத்தது, அது ராதாநகருக்கு 2020-லேயே கிடைத்துவிட்டது. ராதாநகரை விட்டுவிடச் சொல்வது எனக்கே கொஞ்சம் வலிக்கிறது. மகன் ராதாநகர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், நீலை விட்டுவிட்டு மூன்று இரவும் ஹேவ்லாக்கில் தங்குங்கள். ஒரு நாள் மட்டும் எட்டிப் பார்ப்போம் என்று போனால் பழைய கணக்குத்தான். அப்போதும் கடல் பார்த்த அறைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஜெட்டியும் சந்தையும் இருக்கும் கோவிந்த் நகர் பக்கம் சாதாரண விடுதியில் தங்கி, மதியத்துக்கு மேல் ஆட்டோவில் ராதாநகர் போய்வாருங்கள். சாப்பாட்டுக்கும் அந்தப் பக்கம்தான் கடைகள்.

எந்த விடுதியாக இருந்தாலும் இணையத்தில் போட்டோவைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அந்தப் போட்டோ கடல் ஏறியிருக்கும்போது எடுத்ததாகத்தான் இருக்கும். போன் போட்டுப் பேசுங்கள். வற்றும்போது வாசலில் என்ன தெரியும், மணலா கல்லா? நாங்கள் வரும் தேதிகளில் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும்? (இது நாளுக்கு 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும், உள்ளூர்க்காரர் கையில் கணக்கு இருக்கும்.) கரன்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேன் மட்டுமா? மே மாதப் புழுக்கத்தில் இது முக்கியம். தரைத்தள அறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் உண்டா? ஐந்து பேருக்கு இரண்டு அறையா, ஒரு பெரிய அறையில் கூடுதல் மெத்தையா, விலை என்ன? வானிலையால் கப்பல் ரத்தானால் பணம் திரும்புமா? கடைசிக் கேள்விக்கு மழுப்புகிற விடுதியை விட்டுவிடுங்கள்.

மாலத்தீவு விஷயத்தில் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் 30 நாள் விசா இலவசம். மாஃபுஷி மாதிரி உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் ரிசார்ட்டுகளைவிட மிக மலிவு. ஆனால் அங்கே சிறு விடுதிகளுக்கு 2025 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் பசுமை வரி. ஐந்து பேர், ஐந்து நாள் என்றால் அதுவே 150 டாலர். அறை வாடகைமேல் வரி, சேவைக் கட்டணம் எல்லாம் தனி. பாஸ்போர்ட் எடுக்கும் செலவும் அலைச்சலும் வேறு. மே மாதம் அங்கேயும் பருவமழை தொடங்கிவிடும். கணவனும் மனைவியும் மட்டும் பிப்ரவரியில் போவதானால் நான் வேறு மாதிரிப் பதில் எழுதியிருப்பேன். லட்சத்தீவுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும், இடமும் குறைவு. இப்போதைக்கு வேண்டாம்.

கொழுந்தனார் சொன்ன கப்பல்: பங்க் (பொதுப் படுக்கை) வகுப்பில் கட்டணம் குறைவுதான். ஆனால் போக மூன்று நாள், வர மூன்று நாள். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பல் தேதி முன்கூட்டியே உறுதியாகத் தெரியாது, தள்ளியும் போகும். கல்லூரிப் பையன்கள் நாலு பேர் போவதற்குச் சரி. உங்கள் கணவருக்கு அலுவலகத்தில் எத்தனை நாள் லீவு தருவார்கள்?

தேதியை மட்டும் இழுத்துக்கொண்டே போகாதீர்கள். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடும் முன்பே அந்தமானைத் தொட்டுவிடும், வழக்கமாக மே மூன்றாம் வாரம் போல. தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம் போய் வந்துவிடுங்கள். விமான டிக்கெட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஐந்து பேருக்கு அதுதான் பெரிய தொகை. காலை விமானம் என்றால் நள்ளிரவிலேயே கடலூரை விட்டுக் கிளம்ப வேண்டும். பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து அத்தையையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அல்லாடுவதைவிட வீட்டு வாசலிலிருந்து ஒரு வாடகைக் கார் மேல்.

முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த மூன்று இரவு நீல், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர், அதே விடுதியில். பெரிய பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். கடைசி இரவை நீலில் வைக்கவே கூடாது, காற்று கிளம்பிக் கப்பல் நின்றால் விமானமும் போச்சு. முதல் நாள் மதியம் செல்லுலார் சிறை. ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிச்சம், பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். விடுமுறை நாள் எது என்று கேட்டு, அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, இட்லிக்கும் தோசைக்கும் கவலையில்லை. நீலில் வங்காளிகள் அதிகம், மீனும் சோறும். காய்கறியும் அங்கேயே விளைகிறது.

கப்பலில் பிள்ளைகளுக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். அரசுக் கப்பலில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் தீவுவாசிகளுக்குத்தான் முன்னுரிமை. கிடைத்தால் லாபம், நம்பித் திட்டம் போடாதீர்கள். ரொக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஸ்கூபா கேட்பான். 10 வயதுக்கு மேல் அனுமதிப்பார்கள், ஆஸ்துமா இருந்தால் வேண்டாம். முங்கியபின் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது, எனவே நீலில் இரண்டாம் நாளே முடித்துவிடட்டும். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால்கூட நனைக்க வேண்டாம், எங்கேயும் அந்தி நேரத்தில் குளிக்க வேண்டாம். மணல் ஈ கடிக்கும், சொறிந்தால் புண்ணாகும். மகள் சங்கும் பவளமும் பொறுக்கினால் கரையிலேயே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். எடுத்து வருவது குற்றம், விமான நிலையத்தில் பெட்டியைத் திறப்பார்கள்.

டிராவல்ஸ்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் முழுவதையும் ரத்து செய்ய வேண்டியதில்லை. பாராடாங்கையும் ஹேவ்லாக்கையும் எடுத்துவிட்டு, விமானம், கப்பல், அறை, ஆட்டோ என்று தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தத் தொகைதான் சொல்வேன் என்றால், விமானத்தையும் கப்பலையும் நீங்களே இணையத்தில் எடுத்துக்கொண்டு, விடுதியோடு நேராகப் பேசிவிடுங்கள்.