ஜோடி டயருக்குக் காத்து: கேட்டவங்களுக்குப் பதில்

நாமக்கல்லில் 28 வருஷமா டயர் கடை. லாரிக்குப் பின்பக்கம் ஒரு ஹப்புல ரெண்டு ரெண்டா வர்ற ஜோடி டயர் பத்தி மட்டும் கேளுங்க. இன்ஜின், டீசல், எஃப்சி எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல.

சங்ககிரி: அண்ணா, டாரஸ் வண்டி. பின்னாடி உள் டயர் ரெண்டு ஓரமும் தேயுது, நடு நல்லா இருக்கு. அலைன்மென்ட் பார்த்தாச்சு.

அலைன்மென்டை விடுங்க. உள் டயருக்கு கேஜ் (காத்து அளக்கற கருவி) வெச்சு எத்தனை நாளாச்சு? ஓரம் ரெண்டும் தேய்ஞ்சு நடு நிக்குதுன்னா காத்து கம்மின்னு அர்த்தம். வெளி டயர் கைக்கு எட்டுது, பாக்கறீங்க. உள்ளது இருட்டுல கிடக்குது.

உள்ளே காத்து இறங்கினா அது அமுங்கி, பாரத்தை வெளி டயர் தலையில கட்டும். உள்ளது மடங்கி மடங்கிச் சூடாகும், வெளியது அதிகப் பாரத்துல சூடாகும். கடைசியில வெளி டயர் வெடிக்கும், டயர் கம்பெனிக்குத் திட்டு விழும்.

காத்து சரியா இருந்தாலும் ஜோடி பொருந்தலைன்னா தேய்மானம்தான். ரெண்டும் ஒரே ஹப்புல (சக்கரத்தோட நடு மையம்) இருக்கு, ஒண்ணு நூறு சுத்து சுத்தினா இன்னொண்ணும் நூறுதான். லாரிக்குப் போடற 10.00 ஆர் 20 சைஸ் டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 3.3 மீட்டர் ஓடும், கிலோமீட்டருக்கு 300 சுத்து. புது டயரையும் தேஞ்ச டயரையும் ஜோடி போட்டு விட்டத்துல 15 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துட்டா, சுத்துக்கு 47 மில்லிமீட்டர் இடிக்கும். கிலோமீட்டருக்கு 14 மீட்டர். அந்த 14 மீட்டரை ஏதாவது ஒரு டயர் ரோட்டுல இழுபட்டுத்தான் கழிக்கணும். இந்த சைஸுக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் விடாதீங்க. நைலான் டயரையும் ரேடியல் டயரையும் ஜோடி சேர்க்கவே சேர்க்காதீங்க, ரெண்டும் வேற வேற கட்டுமானம்.

மாட்டும்போது ரெண்டு வால்வும் எதிரெதிரா வரணும், உள் வால்வு வெளிச் சக்கரத்து டிஸ்க் ஓட்டைக்கு நேரா நிக்கணும். அப்பத்தான் கேஜ் போகும். கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு டயர்லயும் காத்தை முழுசா இறக்குங்க. டயரை ரிம்முல பிடிச்சு வெச்சிருக்கற லாக் ரிங் தெறிச்சா ஆள் மிஞ்ச மாட்டான்.

பரமத்தி: காத்து எத்தனை பவுண்டு வைக்கறது?

டயர் கம்பெனி சார்ட்டுல உங்க சைஸையும் பாரத்தையும் பாருங்க. டயர் சைடுல 146/143ன்னு போட்டிருந்தா, அந்த ஒரு டயர் தனியா ஓடினா 3,000 கிலோ, ஜோடியில ஓடினா 2,725 கிலோ தாங்கும்னு கணக்கு. ஜோடின்னா ரெண்டும் சரிபாதி சுமக்காதுன்னு கம்பெனிக்கே தெரியும், அதான் குறைச்சுப் போட்டிருக்கான். எத்தனை வெச்சாலும் உள்ளேயும் வெளியேயும் ஒண்ணா வைங்க.

ராசிபுரம்: நைட்ரஜன் போடலாமா?

சாதாக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு நல்ல கேஜ் வாங்குங்க.

திருச்செங்கோடு, ஓய்வு பெற்ற டிரைவர்: தம்பி, நாங்க முப்பது வருஷம் கம்பியால தட்டித்தான் பார்த்தோம். உள் டயருக்கு அஞ்சு பவுண்டு கம்மியாத்தான் வைப்போம். பிரேக் டிரம் சூடு உள்ளதுக்குத்தானே?

ஐயா, டிரம் சூடு நெசம். ஆனா காத்தைக் குறைச்சா டயர் அதிகமா மடங்கும், மடங்கினா இன்னும் சூடாகும். சூட்டுக்குச் சூட்டையே மருந்தாக் குடுக்கற மாதிரி.

அவரே: ஒத்த ரோட்டுல நடு மேடா இருக்கும். உள் டயர்தான் அதிகம் சுமக்குது. அதுக்கென்ன சொல்றீங்க?

அது சரியான பேச்சு. நடு மேட்டுல ஓடினா உள் டயர்களுக்குப் பாரம் கூடத்தான் செய்யும். அதனாலதான் ஜோடியில கொஞ்சம் பெரிய டயரை வெளியே போடச் சொல்றது. அளவுல சரிபண்ணுங்க, காத்துல கை வைக்காதீங்க. நாலு வழிச்சாலையில அந்த மேடும் அவ்வளவா இல்ல.

அவரே: தட்டினா தெரியாதுங்கறீங்களா?

செத்த டயர் தெரியும். 110க்கும் 80க்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. நாளைக்குத் தட்டிட்டு, பிறகு கேஜ் வெச்சுப் பாருங்களேன்.

நாமக்கல்: ஸ்ரீநகர் லோடு போறோம். அங்க காத்து தானா இறங்குதே, டியூப் போச்சா?

டியூப் போகல. இங்க 35 டிகிரியில 110 பவுண்டு வெச்சா, அங்க சைபர் டிகிரியில 96 பக்கம் காட்டும். காலையில வண்டி எடுக்கும் முன்ன பார்த்து ஏத்துங்க. திரும்பி வந்ததும் மறுபடி குளிர்ந்த டயர்ல பார்த்து இறக்குங்க. ஓடி வந்த சூட்டுல கேஜ் அதிகம் காட்டுதுன்னு மட்டும் காத்தைப் பிடுங்காதீங்க.

சேலம்: அண்ணே, எத்தனை பவுண்டு?

மேல இருக்கு.

கரூர்: எத்தனை பவுண்டு வைக்கலாம் சார்?

பரமத்திக்காரர் கேட்டதைப் படிங்க சாமி.

ஈரோடு: ரெண்டு டயரையும் டியூப் போட்டு இணைக்கற ஈக்குவலைசர் நல்லதா?

ரெண்டும் எப்பவும் ஒரே அளவுல நிக்கும், நல்லதுதான். ஆனா எது லீக்குன்னு அது சொல்லாது. கல்லு பட்டு அந்தச் சின்ன டியூப் போனா அதையும் தேடணும். ஜோடிக்கு நடுவுல கல்லு மாட்டியிருக்கான்னு தினமும் குனிஞ்சு பார்க்கற ஆளுக்கு மாட்டிக் குடுப்பேன்.

கோவை: ஐ20 காருக்கு?

கார் கதவுப்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும்.

திருச்செங்கோடு, மறுபடி அவரே: தம்பி, பேரன் வண்டியில பார்த்தேன். தட்டினப்ப ரெண்டும் ஒரே சத்தம். கேஜ்ல வெளியே 112, உள்ளே 78. ரோட்டு மேடு பத்தி நான் சொன்னது சரிதான், அதை விடமாட்டேன். இப்ப உள்ளதுக்குக் காத்து ஏத்திடட்டுமா?

ஏத்தாதீங்க ஐயா! இருக்க வேண்டியதுல 20 சதவீதத்துக்கு மேல இறங்கி ஓடின டயர் உள்ளுக்குள்ள நூல் விட்டிருக்கலாம், அதாவது ரப்பருக்குள்ள இருக்கற இழை அறுந்திருக்கலாம். அதுல காத்து ஏத்தினா சைடு கிழிஞ்சு வெடிக்கும். கழட்டி உள்பக்கம் கை விட்டுப் பார்க்கணும், கடைக்கே கொண்டாரச் சொல்லுங்க, லோடு இல்லாம, மெதுவா. பேரன் அங்கேயே நட்டைத் தொடறதா இருந்தா ரெண்டு டயர்லயும் காத்து இறங்கியிருக்கணும், வெளியதுலயும் சேர்த்து.